ஹாலோவீன் விளக்கை ஒருமுறை டர்னிப்பில் குடைந்து பாருங்கள்

அயர்லாந்தின் மேயோ கவுன்ட்டியில், காசில்பார் ஊருக்கு அருகே உள்ள நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் ஒரு முகம் இருக்கிறது. டோனகல் கவுன்ட்டியின் ஃபின்டவுனிலிருந்து வந்த டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு ஒன்றை அச்செடுத்த வார்ப்பு அது. குழிந்த கண், இளித்த பல், வற்றிப்போன கன்னம். அமெரிக்கக் கடைகளில் சிரித்துக்கொண்டிருக்கும் ஆரஞ்சு நிறப் பரங்கிக்காயை இதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அக்டோபர் 31 இரவில் வரும் ஹாலோவீன் என்ற ஒரே பண்டிகைக்கு உரியவை என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஐரிஷ்காரர்கள் கப்பலேறினார்கள், போன இடத்தில் பரங்கி கிடைத்தது, விளக்கு மாறிற்று என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். தவறில்லை. ஆனால் ஒரு டர்னிப்பைக் கையில் எடுத்துக் குடைய ஆரம்பித்தால் பத்தாவது நிமிடத்தில் மணிக்கட்டே காரணத்தைச் சொல்லிவிடும். ஹாலோவீனின் மற்ற வழக்கங்களும் இப்படித்தான். எதுவும் காரணமில்லாமல் மாறவில்லை. காய் கடினமாக இருந்தது, சர்க்கரை கிடைக்கவில்லை, கதவை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள், கடிகாரத்தைத் திருத்தினார்கள். அநேகமாக எல்லாமே இப்படிக் கைக்கும் காலுக்கும் தெரிந்த காரணங்கள்.

முதலில் டர்னிப். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் என்று சொல்வது நம் காய்கறிக் கடைகளில் எப்போதாவது தென்படும் சின்ன வெள்ளைக் கிழங்கை அல்ல. ஊதாத் தோலும் மஞ்சள் சதையும் உள்ள பெரிய ரூட்டபாகா அது. ஸ்காட்லாந்தில் நீப் என்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ எடை, 15 செ.மீ. அகலம் உள்ளதாக எடுங்கள். இதைவிடச் சிறியதில் கண்ணுக்கும் வாய்க்கும் இடம் போதாது. அடியை மெல்லியதாகச் சீவி உட்கார வையுங்கள். மேலே இரண்டு, மூன்று செ.மீ. தடிமனில் மூடியை வெட்டுங்கள்.

இனிதான் வேலை. கரண்டியை நேராகக் குத்தினால் கரண்டிதான் வளையும். 10 மி.மீ. ட்ரில் முனையால் நெருக்க நெருக்கமாக, ஐந்து செ.மீ. ஆழத்துக்குப் பத்துப் பன்னிரண்டு துளைகள் போட்டுவிட்டு, பிறகு கெட்டியான உலோகக் கரண்டியால் சுவர்களை உடைத்து வழித்தெடுங்கள். சுவர் ஒரு செ.மீ. தடிமனுக்கு வரும்வரை விடக்கூடாது. அதற்கு மேல் தடிமன் இருந்தால் வெளிச்சம் வெளியே வராது. காயைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தி வைப்பதுதான் விரலை வெட்டிக்கொள்ளும் வழி. மேசைமேல் ஈரத்துணியை விரித்து அதன்மேல் வைத்தால் வழுக்காது. ட்ரில் இருந்தும் ஒரு மணி நேரம் போய்விடும். ட்ரில் இல்லாத காலத்துப் பையன்கள் பேனாக்கத்தியும் பொறுமையுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

மூடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு புகைத்துளை கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் திரி திணறி அணையும். துளை இருந்தாலும் மூடியின் அடிப்பக்கம் பொசுங்கும். டர்னிப் முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய் என்பது அந்த நாற்றத்தில் தெரிந்துவிடும். பக்கவாட்டில் இரண்டு துளையிட்டுக் கம்பி கோத்தால் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கலாம். எல்லாம் முடிந்து மூன்று நாள் அப்படியே வைத்திருங்கள். பரங்கி அழுகிக் குழையும், டர்னிப் வற்றிச் சுருங்கும். கன்னம் ஒட்டி, உதடு விலகி, நீங்கள் வெட்டாத சுருக்கங்களெல்லாம் முகத்தில் வரும். வழித்தெடுத்த சதையைத் தூக்கி எறியாதீர்கள். 25 நிமிடம் வேகவைத்து, வெண்ணெயும் மிளகுத்தூளும் போட்டு மசித்தால் அன்றைய இரவு உணவுக்கு ஆயிற்று.

இப்போது பரங்கி. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரிஷ்காரர்கள் நாட்டை விட்டார்கள். அவர்கள் போய் இறங்கிய கண்டத்தில் பரங்கிக்காய் உள்ளூர்ப் பயிர். (நம் ஊருக்கு அது கப்பலில் வந்தது என்பதைப் பரங்கி என்ற பெயரே சொல்லிவிடுகிறது.) ஹாலோவீன் இரவில் பரங்கியைக் குடைந்து முகம் செய்ததைக் கனடாவின் கிங்ஸ்டன் நகர நாளிதழ் ஒன்று 1866 நவம்பர் 1 அன்று எழுதியிருக்கிறது. உள்ளே வைத்தது இரண்டு அங்குலக் கொழுப்பு மெழுகுவத்தி. டர்னிப்பில் அந்த மெழுகுவத்தி நிற்கவே இடம் தேட வேண்டும். பரங்கியில் இயற்கையே பாதிக் காயைக் குடைந்து வைத்திருக்கிறது.

இன்று அமெரிக்காவில் விளக்குக்கென்றே விற்கும் ரகங்களில் பிரபலமானது ஹௌடன். மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹௌடன் தேர்ந்தெடுத்து வளர்த்தது. தடித்த காம்பு, ஆழமான வரிகள், நேராக உட்காரும் உருவம் என்று எல்லாம் பார்வைக்காகவே. சமைத்தால் நீர்த்துப்போய் நார்நாராக இருக்கும். இந்தக் காயில் கூட்டு வைத்துவிட்டு அமெரிக்கப் பரங்கிக்கு ருசியே இல்லை என்று முடிவுகட்டிய தமிழ் வீடுகள் நிறைய உண்டு. கூட்டுக்கு பட்டர்நட் என்ற ரகத்தை வாங்குங்கள். ஹௌடனை வாசலில் வையுங்கள்.

பரங்கி குடைவது சுலபம் என்பதால் தவறுகளும் சுலபமாக நடக்கின்றன. வாங்கும்போது காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு ஒடிந்தால் அந்த இடத்தில்தான் முதலில் அழுகும். அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் வேண்டாம். மூடியை நேர்க்கோட்டில் இறக்கி வெட்டினால் காய் இரண்டு நாளில் சுருங்கியதும் மூடி உள்ளே விழும். கத்தியை நடுவை நோக்கி 45 பாகை சாய்த்து வெட்டுங்கள், ஒரு பக்கம் சின்னப் பல்போல ஒரு வெட்டும் கொடுங்கள். திரும்ப மூடும்போது எந்தப் பக்கம் பொருந்தும் என்று தேட வேண்டியிராது. பேட்டரி விளக்குதான் வைக்கப்போகிறீர்கள் என்றால் மேலே வெட்டவே வேண்டாம். அடியில் வட்டமாக வெட்டி, விளக்கின்மேல் காயைக் கவிழ்த்துவிடலாம். கசியும் நீரும் உள்ளே தேங்காது.

முகம் வரப்போகும் பக்கத்துச் சுவரை மட்டும் 2.5 செ.மீ. அளவுக்கு வழித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வரைந்து ஒட்டி, கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் குத்தினால் வடிவம் தோலில் பதியும். சமையல் கத்தி வேண்டாம், பற்கள் உள்ள சின்ன ரம்பம்தான் சரி. நடுவில் உள்ள சிறிய வடிவங்களை முதலில் வெட்டி, வாயைக் கடைசியில் வையுங்கள். வாயை முதலில் திறந்துவிட்டால் அதற்கு மேலே அழுத்தும்போது முகமே உள்வாங்கும். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே இரண்டு செ.மீ. சதையாவது பாலம்போல நிற்க வேண்டும். பல் உடைந்தால் பல்குத்தும் குச்சியைச் செருகி நிறுத்தலாம்.

எத்தனை நாள் தாங்கும்? பகல் வெயில் 20 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் இரண்டு, மூன்று நாள். குளிர்ந்த ஊரில் ஒரு வாரம். உறைபனி அடித்தால் மறுநாள் உருகும்போது கூழாகிவிடும், அந்த இரவுகளில் உள்ளே எடுத்து வையுங்கள். நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ளீச் கலந்து வெட்டிய இடங்களில் தெளித்தால் பூஞ்சை தள்ளிப்போகும். அக்டோபர் தொடக்கத்திலேயே குடைந்துவிட்டு 31ஆம் தேதி ஈ மொய்க்கும் முகத்தைப் பார்த்து வருந்துகிறவர்களே அதிகம். 29ஆம் தேதிக்கு முன் கத்தியை எடுக்காதீர்கள்.

விளக்கைவிடப் பெரிய மாற்றம், பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக வந்து மிட்டாய் கேட்கும் வாசலில் நடந்தது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இந்த நாட்கள் அறிமுகமானவைதான்: நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முதல் நாளுக்கு முந்தைய மாலைதான் ஆங்கிலத்தில் ஹாலோவீன், அதாவது புனிதர்களின் முன்மாலை. அதே மாலை அயர்லாந்தில் அதற்கும் முன்பே சௌவின் என்ற குளிர்காலத் தொடக்க நாளாக இருந்தது. மேட்டு நிலத்துப் புல்வெளிகளிலிருந்து மாடுகளை இறக்கிக்கொண்டு வரும் காலம். இரண்டும் எங்கே ஒட்டின, எங்கே தையல் போட்டார்கள் என்று உறுதியாகப் பிரித்துக் காட்டுவது கடினம். எல்லாம் பழங்காலச் செல்டிக் மக்களின் ட்ரூயிட் பூசாரிகளிடமிருந்து வந்தது என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

கல்லறைத் திருநாளை ஒட்டி இங்கிலாந்தில் ஏழைகளும் குழந்தைகளும் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அந்த வீட்டில் இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்வார்கள். பதிலுக்குக் கிடைப்பது சோல் கேக். செஷயர், ஷ்ராப்ஷயர் பக்கங்களில் இந்தப் பாட்டு 19ஆம் நூற்றாண்டிலும் கேட்டது. செய்வது சுலபம்: வெண்ணெய் 175 கிராம், சர்க்கரை 175 கிராம் சேர்த்துக் குழைத்து, மூன்று மஞ்சள் கரு, 450 கிராம் மைதா, இரண்டு தேக்கரண்டி பட்டை, ஜாதிக்காய்ப் பொடி, 100 கிராம் உலர்திராட்சை, பிசையத் தேவையான அளவு பால். ஒரு செ.மீ. தடிமனில் வட்டமாக வெட்டி மேலே சிலுவைக் கீறல் போட்டு 180 பாகை செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம். அதிகம் பிசைந்தால் ஓடுபோல் இறுகும்.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அது வேடம் போட்டு வருவதாக இருந்தது. முகத்தில் கரி பூசி, பழந்துணி சுற்றி வரும் பிள்ளைக்குச் சும்மா எதுவும் கிடைக்காது. ஒரு பாட்டு, ஒரு கவிதை, குறைந்தது ஒரு நகைச்சுவைத் துணுக்காவது சொல்ல வேண்டும். பிறகுதான் ஆப்பிள், கொட்டைகள், சில்லறை. ஸ்காட்லாந்தின் பல ஊர்களில் இன்றும் இப்படித்தான். அங்கே புதிதாகக் குடியேறிய வீட்டுப் பிள்ளைகளை வெறும் பையோடு அனுப்பினால் வாசலில் திகைத்து நிற்பார்கள். நாலு வரி மனப்பாடம் செய்வித்து அனுப்புங்கள். தமிழ்ப் பாட்டாக இருந்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் அந்தப் பாட்டு எப்படி மிரட்டலாக மாறியது? நடுவில் ஒரு குறும்புக் காலம் இருக்கிறது. வேலிக் கதவைக் கழற்றிக்கொண்டு போவது, ஜன்னலில் சோப்பு பூசுவது, கொல்லைக் கழிப்பறையைக் கவிழ்ப்பது. கிராமத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். நகரம் பெருத்தபோது செலவு எகிறியது. மின்னசோட்டாவின் அனோகா ஊரில் தெருவில் மாடுகளை அவிழ்த்துவிடும் அளவுக்குப் போனதால், 1920இல் ஊரே சேர்ந்து ஓர் ஊர்வலம் நடத்தியது. பையன்களுக்கு வேலை கொடுத்தால் வம்பு குறையும் என்ற கணக்கு. 1930களில் பல ஊர்கள் இதே கணக்கைப் போட்டன. மிட்டாய் கொடு, இல்லாவிட்டால் குறும்பு செய்வோம் என்ற வாசகம் 1927இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துச் செய்தி ஒன்றிலேயே இருக்கிறது. ஆக, மிட்டாய் இறந்தவர்களுக்கான பிரார்த்தனைக் கூலியிலிருந்து வேலிக் கதவுக்கான காப்பீட்டுத் தொகையாக மாறியது. காப்பீடு எல்லா ஊரிலும் பலிக்கவில்லை. டெட்ராய்ட்டில் முந்தைய இரவான அக்டோபர் 30 தீவைப்பு இரவாகவே ஆனது. 1984இல் அந்த இரவை ஒட்டிய நாட்களில் 800க்கும் மேற்பட்ட தீ விபத்துகள். 1990களில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தெருக்காவல் இருந்த பிறகே தணிந்தது.

போர்க்காலத்தில் அமெரிக்காவில் சர்க்கரை ரேஷனில் இருந்தது, 1942 முதல் 1947 வரை. ரேஷன் போனதும் போருக்குப் பின் பிறந்த பிள்ளைக் கூட்டமும் புதிய புறநகர்த் தெருக்களும் சேர்ந்து இன்று நாம் பார்க்கும் மிட்டாய் வசூலை உருவாக்கின. ஆனாலும் 1950களில் கிடைத்தவற்றில் பாதி வீட்டுப் பண்டம்: பாகில் உருட்டிய சோளப்பொரி உருண்டை, பிஸ்கட், ஆப்பிள், கைநிறைய வேர்க்கடலை. இன்று அவற்றில் ஒன்றைக் கொடுத்தாலும் அடுத்த தெரு திரும்புவதற்குள் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

காரணம் பயம். 1974இல் டெக்சஸில் எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தான். கலந்தது அந்நியன் அல்ல, காப்பீட்டுப் பணத்துக்காகப் பெற்ற தகப்பனே. 1982இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலிநிவாரண மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தது ஹாலோவீனுக்குச் சில வாரம் முன்பு. மிட்டாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் பெற்றோர் கைகள் நடுங்கின. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுச் செய்திகளைத் தேடிப் பார்த்து, முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் குழந்தை இறந்ததாக நிரூபணமான ஒரு சம்பவமும் கிடைக்கவில்லை என்கிறார். ஆகவே மிட்டாயை எக்ஸ்ரே எடுக்க ஓட வேண்டாம். உறை பிரிந்த மிட்டாயை எறிந்துவிடுங்கள், நாலு வயதுக்குட்பட்டவர் கையிலிருந்து உருண்டைக் கடின மிட்டாயை வாங்கிவிடுங்கள், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் வீட்டுக்கு வந்து உறையைப் படித்த பிறகே தின்ன விடுங்கள். சிறிய பொட்டலங்களில் பொருட்பட்டியல் அச்சிட்டிருக்காது, பெரிய பையின் படத்தைக் கைபேசியில் தேட வேண்டியிருக்கும். 2012இல் டென்னசியில் தொடங்கி 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் ஒன்று உண்டு: வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கி இருந்தால் அங்கே மிட்டாய்க்குப் பதில் பென்சில், ஒட்டுப்படம் போன்றவையும் கிடைக்கும் என்று பொருள்.

உண்மையான ஆபத்து மிட்டாய்ப் பையில் இல்லை, சாலையில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையான அமெரிக்க விபத்துக் கணக்கை ஆராய்ந்தபோது, ஹாலோவீன் மாலையில் நடந்து செல்வோர் இறக்கும் வாய்ப்பு அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் கோடைநேரம் 2007 முதல் அங்கே நவம்பர் முதல் ஞாயிறு வரை நீள்வதால் இருட்டுவது ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று. சின்னப் பிள்ளைகளை ஐந்தரைக்கே கிளப்பிவிடுங்கள். முகமூடிக்குப் பதில் முகப்பூச்சு போடுங்கள், முகமூடியில் பக்கவாட்டுப் பார்வை போய்விடும். அங்கி கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். கறுப்பு உடைக்குப் பின்னால் பிரதிபலிக்கும் பட்டையை ஒட்டுங்கள். வாசலில் எரியும் மெழுகுவத்தி வேண்டாம், மெல்லிய நைலான் அங்கி உரசினால் போதும்.

மிட்டாய் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு: வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்தால் தீர்ந்தது, இதுதான் தெரு முழுக்கப் புரியும் மொழி. முந்தைய ஆண்டு எத்தனை பேர் வந்தார்கள் என்று அண்டை வீட்டாரிடம் கேட்டு, தலைக்கு இரண்டு என்று வாங்கி, பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்று எடுத்துக்கொள்ளவும் என்று எழுதிக் கிண்ணத்தை வெளியே வைத்தால் அது முதல் பெரிய பையன் வரும்வரைதான். நீங்களே அளந்து கொடுப்பது நல்லது.

அட்லாண்டிக்கைத் தாண்டும்போது விழுந்துபோனது குறி பார்க்கும் பகுதி. பழைய ஹாலோவீன் சிறுவர் விழாவைவிடக் கல்யாணம் ஆகாத இளைஞர்களின் இரவாகவே இருந்தது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய கவிதையில் கண்ணை மூடிக்கொண்டு கீரைக்கோசுத் தண்டைப் பிடுங்குவார்கள். தண்டு நேரா கோணலா என்பது வரப்போகும் துணையின் உருவம், வேரில் ஒட்டிய மண் சீதனம், நடுத்தண்டின் ருசி குணம். அமெரிக்காவில் பண்டிகை பிள்ளைகள் கைக்குப் போனதும் இதற்கெல்லாம் ஆள் இல்லை. அயர்லாந்தில் மட்டும் பார்ம்பிராக் என்ற பழ ரொட்டியில் மோதிரம் இன்னும் வருகிறது. பழைய முறை ஈஸ்ட் போட்டது. வீட்டில் சுலபம் தேநீர் முறை. 350 கிராம் உலர்பழம், 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, 300 மில்லி சூடான கடுந்தேநீர், பால் கூடாது. இரவு முழுக்க ஊறட்டும். அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்தால் பழம் மாவின் ஈரத்தை உறிஞ்சி ரொட்டி வறண்டுவிடும். காலையில் ஒரு முட்டை, 250 கிராம் மைதா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி பட்டைப்பொடி கலந்து, 170 பாகையில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம். முதல் 45 நிமிடம் அடுப்பைத் திறந்தால் நடு அமுங்கும்.

மோதிரம் கிடைத்தால் ஓராண்டுக்குள் கல்யாணம், நாணயம் கிடைத்தால் பணம், கந்தல் துணி வறுமை, குச்சி சச்சரவான இல்வாழ்க்கை, பட்டாணி கிடைத்தவருக்கு அந்த ஆண்டு கல்யாணம் இல்லை. எதையும் மாவிலேயே போடாதீர்கள். ரொட்டி ஆறியதும் அடியில் கீறி, பேக்கிங் தாளில் பொட்டலமாகச் சுற்றிச் செருகுங்கள். உள்ளே இருப்பதைச் சாப்பிடுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பல் மருத்துவரிடம் போகும் ஆச்சரியம் யாருக்கும் வேண்டாம். வெண்ணெய் தடவி மறுநாள் சாப்பிட்டால்தான் ருசி.

மறுநாள் காலை வாசலில் இருக்கும் பரங்கியையும் கவனிக்க வேண்டும். ப்ளீச் தெளித்ததை அணிலுக்கோ மானுக்கோ வைக்காதீர்கள். மற்றதை மெழுகு சுரண்டிவிட்டு நாலாக வெட்டி உரக்குழியில் போடலாம். விதைகளை மட்டும் முன்பே எடுத்து, கழுவித் துடைத்து, கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளுமாக 150 பாகையில் 25 நிமிடம் வறுத்துவிடுங்கள். விதையோடு குழியில் போட்டால் அடுத்த கோடையில் உரக்குழி முழுக்கக் கொடி படர்ந்திருக்கும்.